இரண்டாவது ஹலோ

கைப்பேசியில் ஒருவரை ஆட்டத்துக்கு அழைக்க, அவர் பெயரின்மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று நாட்டில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை முற்றிலும் பிழையானது. இதனால் விளைந்த கேடுகளை இதுவரை யாரும் ஆராயவில்லை என்பதால் கேடுகளே இல்லை என்றாகிவிடாது. அழைக்கப்படுபவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். சாம்பல் புள்ளி இருந்தால் அவர் அங்கே இல்லை, இல்லாதவரை அழைப்பது பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவது. பச்சையாகவே இருந்தாலும் அவர் வேறொருவரோடு ஆடிக்கொண்டிருக்கும்போது அழைக்கக்கூடாது. அப்போதுதான் தோற்றவரை அழைக்கக்கூடாது. வந்தவருக்கு முதல் அடியைக் கொடுக்க வேண்டும், அழைத்தவரே பாதி ஆட்டத்தில் எழுந்து போகக்கூடாது, வராதவரிடம் பிறகு காரணம் கேட்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவைதான் அழைக்க வேண்டும். இதெல்லாம் எந்தச் செயலியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததாலேயே இவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருப்பதாக சீனிராஜ் நினைத்தார். முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் வேறெப்படி நினைப்பார். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், டயாலிசிஸ் அறையின் நாலாம் கட்டிலில் அவர் படுத்திருந்தார். இடதுகையில் இரண்டு ஊசிகள் ஏறியிருந்தன. ஒன்றின் வழியாக ரத்தம் மிஷினுக்குப் போய் இன்னொன்றின் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கையை மூன்று இருபது வரை அசைக்கக்கூடாது. வலதுகையில் போன் இருந்தது. போனில் கேரம் செயலி திறந்திருந்தது. கட்டைவிரல் ‘மைக்செட் மாரீஸ்’ என்ற பெயருக்கு மேலே, தொடாமல், நின்றது. பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் புள்ளி. அதன் கீழே, ‘கடைசியாக வந்தது: 17 மணி நேரம் முன்’. ஐந்தாம் கட்டிலின் மிஷினை ரிப்பேருக்கு எடுத்துப் போய் ஒரு மாதமாகிறது, அதனால் நாலிலிருந்து பார்த்தால் ஆறு நேராகத் தெரியும். மாரீஸ் படுக்கும் ஆறாம் கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது.

லேட்டாக வருவான். மாரீஸ்வரன் எப்போதுதான் நேரத்துக்கு வந்திருக்கிறான். முகூர்த்த நாளாக இருக்கும், எங்காவது மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பான், வெயிட் தூக்காதே என்று டாக்டர் சொன்ன, ஊசி ஏறும் அதே இடதுகையால் தூக்கிக்கொண்டிருப்பான். இன்றைக்கு முகூர்த்தமா. செவ்வாய்க்கிழமையில் எவன் முகூர்த்தம் வைப்பான். அப்படியானால் கோயில் கொடை. கொடைக்குச் செவ்வாய் உண்டு. சீனிராஜ் கொடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனார், கரகாட்டக் கூட்டத்தின் நடுவே மாரீசு ஒயரை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார், அப்புறம் அறை வாசலைப் பார்த்தார். மாரீசின் மனைவி பச்சை ஒயர்க்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் வேறு யாரோ ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கேட்டுவிடலாம். டெக்னீஷியன் ஜெபராணி மூன்றாம் கட்டிலில் கஸ்தூரி டீச்சருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடு தூரம்தான். ஆனால் கேட்கக்கூடாது. அந்த அறையில் காலிக் கட்டிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. யார் வைத்த சட்டம் என்று தெரியாது, சீனிராஜ் வருவதற்கு முன்பே இருந்தது. ஒரு கட்டில் காலியானால் மற்றவர்கள் அன்றைக்கு ஜன்னலைப் பார்ப்பார்கள், சீலிங்கைப் பார்ப்பார்கள், இரண்டு மூன்று ஷிப்டுகளில் வேறொருவர் வந்து படுப்பார், அவரிடம் ஊர் எது என்று கேட்பார்கள். இன்னொரு சட்டமும் உண்டு: போன் நம்பர் வாங்கிக்கொள்வதில்லை. இது எப்படி வந்தது என்பது மட்டும் தெரியும். ரெண்டாம் கட்டிலில் இருந்த எட்டயபுரத்து முத்தையா எல்லாரிடமும் நம்பர் வாங்கினார், எல்லாருக்கும் காலை வணக்கம் அனுப்பினார், பூவோடும் சூரியனோடும். அவர் போன பிறகு அவருடைய நம்பர் எல்லார் போனிலும் கிடந்தது. அழிக்க யாருக்கும் கை வரவில்லை. டீச்சர் மட்டும் அழித்தார், அழித்துவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அதற்கப்புறம் யாரும் நம்பர் கொடுப்பதில்லை. ஆகவே வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், இரண்டு வருடமாகப் பக்கத்தில் படுத்திருந்த மாரீசை வெளியே தொடர்புகொள்ள சீனிராஜிடம் இருந்த ஒரே வழி இந்தக் கேரம் போர்டுதான். அதில் பேச முடியாது. எழுத முடியாது. ஆட வா என்று மட்டும் சொல்லலாம்.

சாம்பல் புள்ளி. 17 மணி நேரம். அந்தப் பதினேழு எங்கே தொடங்குகிறது என்று சீனிராஜுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் ஐந்து நாற்பத்தொன்று. நினைக்க வேண்டாம் என்று பார்த்தார். நினைப்பதற்குப் பதிலாகச் சனிக்கிழமையை நினைத்தார், ஆனால் சனிக்கிழமை நேராக அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அதற்கும் முந்தின வெள்ளிக்கிழமை, அவர் சகலை மகளுக்கு நிச்சயதார்த்தம். பெரியவர் ஒருவர் எழுந்து நின்று லக்கினப் பத்திரிகையை வாசிக்கிறார், இன்னாருடைய பேத்தியும் இன்னாருடைய குமாரத்தியுமான என்று, மண்டபமே அமைதியாக இருக்கிறது, அப்போது சீனிராஜின் சட்டைப்பையில் ஸ்டிரைக்கர் காயில் மோதும் சத்தம். டக். அரை நிமிடம் கழித்து மறுபடி டக். போனை அமுக்கத் தெரியாமல் அமுக்கியதில் சத்தம் கூடிவிட்டது. பதினோரு தடவை. “யாருய்யா அது, பொண்ணு பேரச் சொல்லுறதுக்குள்ள கேரம் ஆடுறது” என்று வாசித்தவர் கேட்க, மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். மறுநாள் ஊசி ஏறியதும் சீனிராஜ் ஆரம்பித்தார். “ஏப்பா மாரீசு, நீ மனுசன்தானா? பதினோரு தடவ.” மாரீசு ஆறாம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு சிரித்தான். “நீங்க வரல. அதான் கூப்பிட்டேன்.” “வரலைன்னா வர முடியலைன்னு அர்த்தம்ப்பா.” “காதுல விழலைன்னும் அர்த்தம் அண்ணாச்சி. நான் மைக்செட்காரன். மொத ஹலோ நமக்கு, மைக் வேலை செய்யுதான்னு பாக்க. ரெண்டாவது ஹலோதான் சனத்துக்கு. மொத ஹலோவுக்கு எவன் திரும்பிப் பாத்திருக்கான்?” “இது கொடையில்ல, மரியாதைன்னு ஒண்ணு இருக்கு.” “மரியாதையா? உங்க அத்தான் உங்க மக கல்யாணத்துக்கு ஏன் வரலன்னு நீங்கதான சொன்னீங்க. ஒரு தடவதான் அழைச்சீங்க, மறுபடி வீட்டு வாசப்படி ஏறி அழைக்கலன்னு தான? அப்ப ரெண்டாவது தடவ மரியாதை, இங்க மட்டும் குத்தமா?” மூன்றாம் கட்டிலில் டீச்சர் சிரித்ததில் மிஷின் பீப் அடித்தது. சீனிராஜுக்குக் கோபம் அதனால்தான் வந்தது, மாரீசு சொன்னதனால் அல்ல. “இங்க பாரு. பஸ் கிளம்புறதுக்கு ஒரு விசில்தான். ரெண்டு தடவ ஊதினா மொத விசிலுக்கு மதிப்பு கெடையாது. ஒரு தடவ கூப்பிடு, அர நிமிசம் பாரு, வரலன்னா விட்டுரு. இன்னொரு வாட்டி இப்படிச் செஞ்சேன்னா உன் பேர எடுத்துருவேன், பாத்துக்க.” பேரை எடுப்பதென்றால் நண்பர் பட்டியலிலிருந்து எடுப்பது. சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் இன்னோர் அர்த்தம் அவர் காதில் விழுந்தது. மாரீசு வலதுகையை நீட்டித் தன் மிஷினின் தலையில் வைத்தான். “சரி அண்ணாச்சி. மிசின் மேல சத்தியம். ஒரு தடவதான்.”

சத்தியத்தைக் காப்பாற்றினான். டயாலிசிஸ்காரர்களுக்கு வாரம் ஒரே மாதிரி நாட்களால் ஆனதல்ல. செவ்வாய், வியாழன், சனி ஷிப்டுக்கு ஞாயிறும் திங்களும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் இடைவெளி, அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தில் உடம்புக்குள் தண்ணீர் ஏறி நிற்கும், செருப்பு பிடிக்காது, சாய்ந்து படுத்தால் மூச்சு இரைக்கும். நேற்று ஐந்து நாற்பத்தொன்றுக்கு சீனிராஜ் ஃபேனுக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீருக்குப் பதிலாக அளந்து வைத்த அன்றைய பங்கில் கடைசி ஐஸ் கட்டியை நாக்கில் வைத்திருந்தார். டக். மைக்செட் மாரீஸ் உங்களை ஆட்டத்துக்கு அழைக்கிறார். பச்சை வளையம் ஒன்று சுற்றத் தொடங்கியது, அது சுற்றி முடிக்க அரை நிமிடம். விரல் போயிற்று. இல்லை, விரலை அவர் நிறுத்தினார். ஆடக்கூடாது என்றில்லை, ஆட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பையன் பாடம் படித்தானா என்று பார்க்க வேண்டாமா. ஐஸ் கரைந்தது, வளையம் கரைந்தது, ‘பதில் இல்லை’ என்று வந்தது, அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது டக் வருகிறதா என்று காத்திருந்தார். வந்தால் எடுத்துவிடுவார். எடுத்து ஆடி, ஜெயித்து, செவ்வாய்க்கிழமை காதைத் திருகுவார். வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அப்போது அவருக்கு என்ன தோன்றியது என்பதைத்தான் இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார், பல்லில் சிக்கிய நாரை நாக்கு தேடுவதுபோல. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. திருந்திட்டான் என்று வாய்விட்டே சொன்னார், அடுக்களையிலிருந்து மனைவி “யாரு?” என்று கேட்டாள். பரிசாக ஆறு மணிக்குத் தானே அழைப்பது என்று முடிவு செய்தார். ஆறு மணிக்கு மருமகன் சென்னையிலிருந்து பேசினார். பேசி முடிக்கும்போது ஆறு இருபது. ஆறு என்று நினைத்ததை ஆறு இருபதுக்குச் செய்வது அவருக்குப் பழக்கமில்லை. சரி, நாளைக்கு நேரில் பார்க்கத்தானே போகிறோம்.

ஆட வா என்று மட்டும்தான் அதில் சொல்ல முடியும். அதைத்தான் சொன்னானா. மூச்சு இரைக்கிறவன் கேரம் ஆடவா கூப்பிடுவான், ஆம்புலன்ஸை அல்லவா கூப்பிடுவான், பக்கத்து வீட்டை அல்லவா கூப்பிடுவான். சும்மா கூப்பிட்டிருப்பான், பொழுது போகாமல் கூப்பிட்டிருப்பான். சீனிராஜ் இந்த இடத்தில் நின்றுவிட முயன்றார், நல்ல இடம், நிழல் இருந்தது. ஆனால் போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது மணி நேரத்தில், மாரீசுக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. ஜெபராணி காலை நீவிவிட்டுக்கொண்டிருக்கும்போதே சீனிராஜின் போனில் டக் என்றது. நிமிர்ந்து பார்த்தால் ஆறாம் கட்டிலில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையாக, போனை ஆட்டிக் காட்டுகிறான். “வாங்க அண்ணாச்சி, ஆடினா வலி தெரியாது.” வலிக்கும்போது கூப்பிடுகிறவன். இது தெரியாமலா நேற்று. இல்லை, நேற்று இது ஞாபகத்துக்கு வரவில்லை. நேற்று ஞாபகத்தில் இருந்ததெல்லாம் நிச்சயதார்த்த மண்டபமும் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பும். மணி பதினொன்று நாற்பத்தொன்றானது. ‘18 மணி நேரம் முன்’ என்று மாறியது. இடதுகையில் குளிர்ச்சி முழங்கைக்கு மேலே ஏறியது, திரும்பி வரும் ரத்தம் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்துதான் வரும், யாரோ ஈரக்கையால் பிடித்திருப்பதுபோல. நாலு பத்து சங்கரன்கோவில் பஸ் ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். விசில் ஊதியாயிற்று, வண்டி நகர்கிறது, பஸ் ஸ்டாண்டின் மேற்கு வாசலிலிருந்து ஒருத்தன் ஓடிவருகிறான், கையில் பெரிய எக்ஸ்ரே கவர், அது காற்றில் மடங்கி அவன் முகத்தில் அடிக்கிறது. டிரைவர் பார்த்துவிட்டான், “சார், ஒரு நிமிசம்” என்கிறான். நாலு பத்துன்னா நாலு பத்து என்றார் சீனிராஜ். அவன் பஸ் போன தடத்திலேயே கொஞ்ச தூரம் ஓடினான். அப்புறம் நின்று, கவரைத் திறந்து, உள்ளே இருந்தது நசுங்கிவிட்டதா என்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அவ்வளவுதான் ஞாபகம். அடுத்த பஸ் நாலு ஐம்பதுக்கு இருந்தது. நாற்பது நிமிடத்தில் ஒன்றும் ஆகியிருக்காது. ஐந்து நாற்பத்தொன்றிலிருந்து ஆறு இருபது வரை எத்தனை நிமிடம். முப்பத்தொன்பது.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் பத்தொன்பது மணி நேரமானது. சாம்பல் புள்ளியை அழைக்கக்கூடாது என்ற சட்டத்தை அவர் மீறினார். ஒரு தட்டு. வளையம் சுற்றியது. ஆறாம் கட்டிலைப் பார்க்காமல் வளையத்தையே பார்த்தார், அது கால்வாசி கரைந்தது, பாதி கரைந்தது, யாராவது எடுங்களேன், அவன் மனைவி எடுக்கட்டும், அவன் பிள்ளைகள் எடுத்து விளையாடட்டும், என்ன சனியன் சத்தம் என்று யாராவது நிறுத்தட்டும். ‘பதில் இல்லை’. சரி, ஒரு தடவை அழைத்தாயிற்று. ஒரு தடவைதான். போனைக் கவிழ்த்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார், அது நெஞ்சோடு ஏறி இறங்கியது. ஜெபராணி வந்து பிரஷர் பார்த்தாள், “கொஞ்சம் கூடியிருக்கு அண்ணாச்சி, என்ன யோசன?” என்றாள். ஒன்றுமில்லை என்றார். சுவரில் வெள்ளைப் பலகையில் அன்றைய பெயர்கள், 3 கஸ்தூரி, 4 சீனிராஜ், 6 மாரீஸ்வரன். எழுதியிருக்கிறதே. எழுதியிருக்கிறது என்றால் வருவான் என்றுதானே எழுதியிருக்கிறார்கள். இல்லை, சனிக்கிழமை எழுதியதை யாரும் அழிக்கவில்லை. டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க்கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும். டீச்சருக்குத் தெரியுமா. தெரிந்ததால்தான் பார்க்கிறாரா. இப்படிப் பதிமூன்று மாதத்துக்கு முன்னால் முத்தையாவுக்காகத் தானும் அந்தத் தொட்டியைப் பார்த்தது ஞாபகம் வந்தது, தொட்டியில் யாரோ பெயின்டில் எழுதிய வீட்டின் பெயர்கூட மனப்பாடம்.

இரண்டரை மணிக்கு அவரால் தாங்க முடியவில்லை. ஆனாலும் கேட்கக்கூடாது. கேட்காமல் கேட்க ஒரு வழி இருக்கிறதா என்று முக்கால் மணி நேரமாகத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். “ஜெபராணி, இங்க ஏசிக் காத்து நேரா மூஞ்சியில அடிக்குது” என்றார். அவள் மேலே பார்த்தாள், ஏசியின் வாயைப் பார்த்தாள். “அப்ப வியாழக்கிழமையிலருந்து ஆறாம் பெட்டுக்கு மாத்திரட்டா அண்ணாச்சி? இனி அது சும்மாதான கிடக்கு” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. சீனிராஜ் கேட்டார், அந்த அறையில் அதுவரை யாரும் கேட்காததை. “எப்பம்மா?” “நேத்துதான். ஆறேகால் இருக்கும்னு அந்த அக்கா சொல்லிச்சு. அஞ்சு மணிக்கே மூச்சு இரைக்க ஆரம்பிச்சிருக்கு, சொல்லல அவரு. அக்கா கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. ஆட்டோல ஏத்தையிலே முடிஞ்சிருச்சு.” அவள் மிஷினின் பட்டன் எதையோ தேவையில்லாமல் அமுக்கினாள். “கையில போன வச்சிருந்தாராம். வாங்கப் போனா குடுக்கலையாம். யாரையோ கூப்பிடணும், ஆனா கூப்பிட்டாச்சுன்னு சொன்னாராம். அந்த அக்காவுக்கு ஒண்ணும் புரியல, என்னையக் கேக்குது.” சீனிராஜ் தலையை ஆட்டினார். ஆட்டுவதைத் தவிர வேறெதற்கும் அந்தத் தலை அப்போது உதவவில்லை. ஜெபராணி ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள், போய், ஆறுக்கு எதிரே இருந்த பெயரைத் துடைத்தாள்.

ஐந்து மணிக்கே இரைக்க ஆரம்பித்திருக்கிறது. ஐந்து நாற்பத்தொன்று. கூப்பிட்டாச்சு. ஐஸ் கட்டி நாக்கில் இருந்தது, வளையம் சுற்றியது, விரல் போயிற்று, இல்லை, நிறுத்தினார். மொத ஹலோ நமக்கு. எடுத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், அவனும் ஆடியிருப்பான், காய் போயிருக்கும், மூச்சும் போயிருக்கும், போர்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு என்ன தெரிந்திருக்கும். தெரிந்திருக்கும். மாரீசு ஒருபோதும் தவறவிடாத நேர்க்காயைத் தவறவிட்டிருப்பான், தன் முறை வந்தும் அடிக்காமல் இருந்திருப்பான், அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்திருக்கும். வந்து? நம்பர் இல்லை. யாரைக் கூப்பிட்டிருப்பார். ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டிருக்கலாம், ஜெபராணி பதிவேட்டைப் பார்த்து அவன் வீட்டுக்கு அடித்திருப்பாள், முப்பத்தொன்பது நிமிடம் இருந்தது. இல்லை, அவனுக்கு முப்பத்துநாலுதான் இருந்தது. சத்தியத்தை மிஷின்மேல் வைக்கச் சொன்னது யார். யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான் வைத்தான். பேரை எடுத்துருவேன் என்று சொன்னது யார். இரண்டே முக்காலுக்கு அவர் போனை நெஞ்சிலிருந்து எடுத்து நிமிர்த்தினார். சாம்பல் புள்ளி, 21 மணி நேரம். தட்டினார். வளையம் கரைந்தது. தட்டினார். ஹலோ. வளையம் கரையும்வரை பொறுத்து, மறுபடி தட்டினார். எங்கோ ஒரு வீட்டில், அலமாரியிலோ, ஒயர்க்கூடையிலோ, சார்ஜ் தீராத ஒரு போன் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும், நடுவீட்டில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், யாரோ ஒருத்தி நிமிர்ந்து பார்ப்பாள். தட்டினார். டீச்சர் இப்போது திரும்பிப் படுத்து அவரையும் அவர் கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டிருந்தார். “சார்” என்றார் ஒரு தடவை, மெதுவாக. இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. மூன்று மணி தாண்டியது. கெண்டைக்கால் முறுக்க ஆரம்பித்தது, அவர் யாரிடமும் சொல்லவில்லை. தட்டினார்.

மூன்று பதினாறுக்கு, முப்பத்தெட்டாவது அழைப்பின்போது, திரையில் வளையம் வரவில்லை. ‘ஒரே ஆட்டக்காரரை அளவுக்கு மீறி அழைத்திருக்கிறீர்கள். 48 மணி நேரத்துக்கு யாரையும் அழைக்க முடியாது’ என்று வந்தது. மூன்று இருபதுக்கு ஜெபராணி ஊசிகளை உருவிப் பஞ்சை வைத்து, வலதுகையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் போனைக் கீழே வைத்தார். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று பதினாறு வரை சீனிராஜால் யாரையும் ஆட்டத்துக்கு அழைக்க முடியவில்லை.